படத்தில் அசைந்தவர்கள்

தாது வருஷத்துப் பங்குனியில், பட்டணத்துக்கு வடக்கே உப்பளங்களைத் தாண்டி வாய்க்கால் கரையில் சர்க்கார் போட்டிருந்த கஞ்சித்தொட்டியில், டிக்ரூஸ் என்ற படக்காரர் பன்னிரண்டு பேரை மூங்கில் தட்டிக்கு முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தார். அன்று சாயங்காலம் கஞ்சி மணி அடித்தபோது அந்தப் பன்னிரண்டு பேரும் வரிசைக்கு வரவில்லை.

கஞ்சிக்கு வராதவர்கள் செத்தவர்கள் என்பதுதான் ஐந்து மாதமாக அங்கே இருந்த வழக்கம். அதனால் முகாம் குமாஸ்தா ரைட்டர் தாமோதரம் மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள்.

"ஏன் வரல?"

"பசிக்கலீங்க" என்றாள் சௌரியம்மா. அவள் கொட்டகையின் கடைசி மூலைக்காரி, மடியில் நாலு மாதக் குழந்தை.

"பசிக்கலையா? நேத்து ரெண்டாந்தரம் வந்து நின்னு அடி வாங்கினியே?"

"அது நேத்து. இன்னிக்கு அந்தக் கண்ணாடிக்கு முன்னால உக்காந்து எழுந்ததிலேர்ந்து பசிக்கல. அதுக்குள்ள போயிடுச்சு போல."

ரைட்டர் அந்த ஐந்து மாதத்தில் எத்தனையோ காரணம் கேட்டவர். இதையும் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, கஞ்சி அண்டாவுக்குத் திரும்பிப் போனார்.

வரிசையில் நின்ற இருசம்மாவுக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: பன்னிரண்டு பேர் கஞ்சி மிச்சம், அண்டாவின் அடி இன்னிக்கு நமக்கு வரும். அப்படித் தோன்றினதற்காக அவள் வெட்கப்படவில்லை. அவள் பட்டணத்துக்காரி, கப்பலிலிருந்து இறங்கிக் கடற்கரையில் மலைமலையாகக் குவிந்துகிடந்த ரங்கூன் அரிசி மூட்டைகளின் அடியில் சிந்துகிற மணிகளை மணலோடு கூட்டி, சலித்து, புடைத்துப் பிழைத்தவள். அவள் புருஷன் எல்லப்பன் அதே மூட்டைகளைப் படகிலிருந்து முதுகில் இறக்கினவன். மழை பொய்த்து, நாட்டுப்புறத்து ஜனமெல்லாம் பட்டணத்துக்கு வந்து விழுந்து, கூலிக்கு ஆயிரம் முதுகு காத்திருந்தபோது அவன் முதுகு வேண்டாமென்றாயிற்று, குடிசை போயிற்று, கடைவாசல், கோயில் மதில், பாலத்தடி என்று இடம் மாறி மாறிப் படுத்தார்கள், கடைசியில் தெருவில் கிடக்கிறவர்களை அள்ளிப்போடச் சொல்லி உத்தரவு வந்த நாளில், இவள் துடைப்பத்தோடும் இடுப்பில் கைக்குழந்தை பாப்பம்மாவோடும் கடற்கரையில் பிடிபட்டாள். அள்ளப்பட்டவர்களெல்லாம் கஞ்சித்தொட்டிக்கு வந்தார்கள். ஆணுக்கு ஒரு கொட்டகை, பெண்ணுக்கு ஒரு கொட்டகை, நடுவில் முள்வேலி. கழுத்தில் தகர வில்லை. பகலெல்லாம் சல்லி உடைத்தால் சாயங்காலம் கஞ்சி. எல்லப்பன் தன் கஞ்சியின் அடியில் தங்குகிற சோற்றைப் பிழிந்து உருண்டையாக்கி, முள்ளுக்கிடையில் கையை விட்டு அவளுக்குக் கொடுப்பான். குழந்தைக்குப் பால் ஊற வேண்டும் அல்லவா, அதற்கு.

பசி போன செய்தி மறுநாள் காலைக்குள் முகாம் முழுக்கப் பரவிவிட்டது, ஆனால் யாரும் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மழையே பெய்யாமல் ஒரு வருஷம் போகலாமென்றால் பசியும் ஒரு பெட்டிக்குள் போகலாம்தான். டிக்ரூஸின் மாட்டுவண்டி உப்பளத்து வரப்பில் தெரிந்ததும் ஜனங்கள் ஓடிப்போய் தட்டிக்கு முன்னால் இடம் பிடித்தார்கள். அவர் எலும்பு தெரிகிறவர்களைத்தான் பொறுக்கினார், சீமையிலுள்ளவர்கள் பார்த்து இரங்க வேண்டும் என்பதற்காக அவரை அனுப்பியிருந்தார்கள். ஆகவே மற்றவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டும், கன்னத்தை உறிஞ்சிக்கொண்டும், ஒரு நாள் கஞ்சியை விட்டுக்கொடுத்தும் எலும்பைக் காட்டினார்கள். பசியைத் தொலைப்பதற்காகப் பட்டினி கிடந்தார்கள். டிக்ரூஸ் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "அசையாதே! மூச்சு விடாதே!" என்று கத்துவார், பத்து எண்ணுகிறவரைக்கும் அந்த மனிதர்கள் கல்லாய் உட்கார்ந்திருப்பார்கள், எழுந்தபோது அவர்கள் முகத்தில் ஒரு சமுத்திரத்து அமைதி இருக்கும்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று முன்னோர் சொல்லிவைத்தார்கள். பசி போனால் என்னென்ன பறந்துபோகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

படமெடுக்கப்பட்டவர்கள் சாகவில்லை, தேறவும் இல்லை; படம் பதிகிற கண்ணாடித் தகட்டில் எப்படி விழுந்தார்களோ அப்படியே, அதே விலா எலும்போடு இருந்தார்கள். ஆனால் அவர்களால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விடிந்தது என்று சொன்னது பசிதான், உச்சியாயிற்று என்று சொன்னதும் அதுதான், போய்ப் படு என்று சொன்னதும் அதுதான் போலிருக்கிறது. அது போனபின் எப்போது எதைச் செய்வது என்று தெரியாமல் அவர்கள் எழுந்து நடந்தார்கள். வேலியோரமாக ஒருவர் பின்னால் ஒருவராக, சல்லி உடைக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம், முகாமைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். பத்து நாளில் அங்கே ஒரு தடம் விழுந்தது, இருபது நாளில் அது கணுக்கால் ஆழத்துக்கு இறங்கியது. அவர்கள் சண்டை போடவில்லை, சிரிக்கவில்லை, பிணம் போகும்போது ஒதுங்கிக்கொடுத்துவிட்டு மறுபடி நடந்தார்கள்.

மேலிடத்துக்கு இது பிடித்துப்போயிற்று. முகாமிலுள்ள ஒருவர் விடாமல் எல்லோரையும் படமெடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. படமெடுத்தவர்களுக்குக் கஞ்சி கிடையாது. நாலு அண்டாவில் மூன்றைக் கவிழ்த்துவைத்தார்கள்; அரிசி வண்டி வருவது குறைந்தது; ஓடிப்போகிறவர் யாருமில்லாததால் வாசலில் இருந்த எட்டுக் காவலாளிகளில் ஆறு பேரை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். சல்லி உடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. "பசிக்காதவனுக்கு எதுக்குங்க கூலி வேலை?" என்று ஒருவன் கேட்டதற்கு, சும்மா இருக்கும் கை கெட்டுப்போகும் என்று முகாமை நடத்துகிற துரை சொன்னதாக ரைட்டர் சொன்னார்.

சௌரியம்மா தடத்தில் நடந்துகொண்டிருந்தபோதெல்லாம் அவள் குழந்தை கொட்டகை மூலையில் கிடந்து அழுதது. அது படத்தில் விழவில்லை. தாயின் மடியில் கைகாலை உதைத்துக்கொண்டே இருந்ததால் தகட்டில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புகைதான் விழுந்திருந்தது. ஆகவே அதன் பசி அதனிடமே இருந்தது.

"அக்கா, புள்ள அழுவுது" என்று இருசம்மா ஓடிப்போய்ச் சொன்னாள்.

"ஆமா, அழுவுது" என்றாள் சௌரியம்மா, நடந்துகொண்டே.

"பசிக்குதுக்கா அதுக்கு."

"அப்டீன்னா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, மறந்துபோன ஒரு ஊரின் பெயரை நினைத்துப் பார்ப்பவளைப்போல ஒரு கணம் நின்றாள். பின்னால் வந்தவர்கள் மோதவும் நடந்துவிட்டாள். இருசம்மா தன் மார்பில் ஒரு பக்கத்தைப் பாப்பம்மாவுக்கும் மறுபக்கத்தைச் சௌரியம்மாவின் குழந்தைக்கும் கொடுத்தாள். ஒரு குவளைக் கஞ்சியில் இரண்டு குழந்தைக்குப் பால் எங்கிருந்து வரும்? ஒன்பதாம் நாள் உச்சியில் அந்தக் குழந்தை வாயை எடுத்துக்கொண்டது, திரும்ப வைக்கவில்லை. இருசம்மாதான் அதைச் சேலைத் தலைப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள். போகிற வழியில் தடத்தைக் கடக்கவேண்டியிருந்தது. சௌரியம்மா ஒதுங்கிக்கொடுத்தாள்.

அதற்கடுத்த வாரம் எல்லப்பனைப் படமெடுத்தார்கள். சாயங்காலம் இருசம்மா வேலியோரம் காத்து நின்றாள். அவன் வந்தான், தடத்தில் வந்தான், நிற்கவில்லை.

"யோவ், இந்தாய்யா! பாப்பாவப் பாருய்யா. நாலு நாளா மலம் தண்ணியாப் போவுது."

"பாத்தேன்" என்றான்.

"இன்னா பாத்தே? நின்னு பாரு!"

அவன் தலையைத் திருப்பி, மகளை, ஆற்றோரத்து மரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனான். இருசம்மா முள்ளில் கையைவிட்டு அவன் துணியைப் பிடித்தாள்; துணி கிழிந்து அவள் கையில் ஒரு துண்டு வந்தது; அவன் மீதித் துணியோடு போய்க்கொண்டே இருந்தான். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தன் வயிறு கூவுகிற சத்தம் அழுகைக்கு நடுவில் கேட்டது. அன்றுதான் அவளுக்கு அந்தச் சத்தத்தின்மேல் ஒரு பிடிப்பு வந்தது, கூட்டத்தில் தன்னோடு பேசுகிற ஒரே ஆளின்மேல் வருவதுபோல.

அவள் முறை வந்தது. டிக்ரூஸ் அவளை மற்றவர்களோடு தட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, துணிக்குள் தலையை விட்டு, "அசையாதே!" என்றார். இருசம்மா அசைந்தாள். பத்து எண்ணுகிறவரைக்கும் காற்றில் கிடக்கிற கொடித்துணியைப்போல் இப்படியும் அப்படியும் ஆடினாள். தகட்டைக் கழுவிப் பார்த்தபோது அவள் இருந்த இடத்தில் புகை எழுந்து நின்றது. இன்னொரு தகட்டை எடுத்தார், இன்னொரு புகை. கழுத்துக்கு முட்டுக்கொடுக்கிற இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து பின்னால் நிறுத்தினார்கள். தலை நின்றது, அவள் உடம்பை ஆட்டினாள். காவலாளி பிரம்பை ஓங்கினான். அடிக்கு அஞ்சியும் ஆடினாள். அந்தத் தகடுகளிலிருந்து காகிதத்தில் எடுத்த படங்களில் ஒன்றிரண்டு பிற்பாடும் எங்கெங்கோ இருந்தன. வரிசையாக உட்கார்ந்த எலும்பு மனிதர்களுக்கு ஓரத்தில் ஒரு புகையைப் பார்த்தவர்கள், தகட்டின் பழுது என்று சொன்னார்கள்.

"உனக்குப் பசி போக வேண்டாமா?" என்று டிக்ரூஸ் கடைசியில் கேட்டார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். கறுப்பர் பட்டணத்திலேயே பிறந்தவர்.

"போனா இவளுக்கு யாரு தொரை அழுவறது?" என்றாள், பாப்பம்மாவைக் காட்டி.

அவர் தகட்டைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவள் கவனித்தாள்: முகாமுக்கு முதல் நாள் வந்தபோது தொப்பையும் தொந்தியுமாக இருந்த மனிதர், சட்டை தோளில் தொங்க நின்றார். பேசும்போதே பையிலிருந்து ரொட்டியை எடுத்துக் கடித்தார், முடிந்ததும் இன்னொன்றை எடுத்தார்.

அவர் வீட்டில் நடந்ததை வண்டிக்காரன் சொன்னான். தகடுகளை அடுக்கிவைத்த அறைக்குப் பக்கத்தில் யார் போனாலும் பசித்தது. சமையல்காரன் பானையோடு தின்றான். வீட்டு நாய் கதவைத் தின்றது. பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், பிறகு தெரு முழுக்க, விருந்து முடித்துக் கைகழுவினவர்கள் திரும்ப இலை போடச் சொன்னார்கள். தெருக்காரர்கள் கூடி, தகடுகளை உடனே சீமைக்கு அனுப்பு, இல்லாவிட்டால் வீட்டைக் கொளுத்துவோம் என்றார்கள். டிக்ரூஸ் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கட்டிக் கப்பலேற்றினார். மூன்றாம் நாள் கப்பல் திரும்பி வந்தது. மாலுமிகள் ஆறு மாதத்து மாவையும், உப்பிட்ட இறைச்சியையும், விளக்குக்கு வைத்திருந்த கொழுப்பையும் தின்றுவிட்டு, பாய்மரத் துணியை மென்றுகொண்டு கரையில் இறங்கினார்கள். துறைமுகத்தில் ஒரு கிடங்கும் அந்தப் பெட்டியை ஏற்கவில்லை.

ஆகவே டிக்ரூஸ் அதை வண்டியிலேற்றிக்கொண்டு, எடுத்த இடத்துக்கே வந்தார். முகாமில் பசிக்கிறவர்கள் மிகவும் குறைவு என்பதால் அங்கே இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை என்று துரையும் சம்மதித்தார். பெட்டியைச் சல்லி உடைக்கிற திடலில், கல் குவியலுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். அப்போது முகாமில் பசியோடிருந்தவர்கள் பதினெட்டுப் பேர்: நடுக்குவாதக்காரன் தாண்டவன், ஓயாமல் இருமுகிற இரண்டு கிழவர்கள், குளிர்ஜுரத்தில் தூக்கிப்போடுகிற ஒருத்தி, அசையாதே என்றால் சிரித்துவிடுகிற ஒரு பைத்தியக்காரி, தாய்மார் நடந்துகொண்டிருந்த பதினொரு கைக்குழந்தைகள், பிறகு இருசம்மா. பதினெட்டாவது பாப்பம்மா. பெட்டி இறங்கியதும் இவர்களுக்கெல்லாம் குடலை யாரோ கயிறு திரிப்பதுபோல் இருந்தது.

"தொரை" என்றாள் இருசம்மா, "இத்த ஒடச்சா திரும்பிடுமா?"

"தெரியாதும்மா." டிக்ரூஸ் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் எடுத்ததுலயே நல்ல படம் இதெல்லாம்தான். என்னால உடைக்க முடியாது." பிறகு வண்டிக்கு அந்தப் பக்கம் போய், முகம் தெரியாமல் உட்கார்ந்துகொண்டார்.

இருசம்மா சுத்தியலை எடுத்தாள், கீழே வைத்தாள். "தாண்டவண்ணா, நீ சொல்லு."

தாண்டவன் கடற்கரையில் எல்லப்பனோடு மூட்டை சுமந்தவன். "ரெண்டாயிரம் பேருக்கு ஒரே நேரத்துல பசிக்கும், இருசா. இங்க அரிசி எங்க இருக்குது? கவுத்துவெச்ச அண்டாவத்தான் திங்கணும். பசி திரும்பினா சாவும் திரும்பும், பாத்துக்க."

"அவங்களையே கேக்கறேன்" என்று அவள் தடத்துக்குப் போனாள். எல்லப்பனிடம் கேட்டாள், "எதுவானாலும் சரி" என்றான். சௌரியம்மாவிடம் மூன்று தரம் கேட்டாள், மூன்று சுற்றுக்கும் கூடவே நடந்து கேட்டாள். சௌரியம்மா அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். வேண்டும் என்று சொல்வதற்கே கொஞ்சம் பசி வேண்டும் என்பது இருசம்மாவுக்கு அப்போது விளங்கியது. திரும்பி வந்து, பாப்பம்மாவைத் தாண்டவனின் நடுங்குகிற கையில் கொடுத்துவிட்டு, பெட்டியின் மூடியைப் பெயர்த்தாள்.

கண்ணாடி உடைகிற சத்தம் சல்லி உடைகிற சத்தத்தைப் போலத்தான் இருந்தது. அதனால் காவலாளிகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தகடு உடைந்தபோதும் தடத்தில் சிலர் நின்றார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். இவள் உடைத்துக்கொண்டே போனாள்; கை கிழிந்து ரத்தம் வந்தது; பாதி முகங்கள் அடையாளம் தெரிந்தன, தெரிந்த முகத்தின்மேல்தான் சுத்தியலைப் போடவேண்டியிருந்தது. கடைசித் தகட்டை உடைத்தபோது முகாம் முழுக்க அசைவற்றிருந்தது. பிறகு இரண்டாயிரம் தொண்டையிலிருந்து ஒரே ஓலம் எழுந்தது. அதில் மிக உயரமாக, மிகத் தனியாக ஒரு குரல் கேட்டது. அது பசியால் கத்திய குரல் அல்ல. சௌரியம்மா குழந்தை கிடந்த மூலையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கவிழ்த்த அண்டாக்களைப் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு, வட்டமாகவே நடந்து பழகின கால்கள் நேராக நடந்தன. வாசலில் இருந்த இரண்டு காவலாளிகளும் ஒதுங்கினார்கள். வாய்க்கால் கரையோடு, உப்பளத்து வெயிலில், பட்டணத்தைப் பார்த்து ஜனம் போயிற்று. முன்னால் இருசம்மா, ஏனென்றால் அரிசி எங்கே குவிந்துகிடக்கிறது என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். எல்லோரும் போய்ச் சேரவில்லை. தாண்டவன் சொன்னது பொய்யில்லை. வழியில் உட்கார்ந்தவர்களில் பலர் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த ஒவ்வொருவரையும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவர்கள் கடற்கரைக்குப் போவதற்கு முன்பே, தகட்டுக்குள் வாரக்கணக்காக அடைந்துகிடந்து விடுபட்ட பசி காற்றோடு அங்கே போய்விட்டிருந்தது. மூட்டை மலைகளுக்குக் காவல் நின்ற ஏட்டு, மத்தியானச் சாப்பாடு முடித்து ஏப்பம் விட்டவர், தடியை ஓங்கிக்கொண்டு கூட்டத்துக்கு எதிரில் வந்தார். பாதி வழியில் நின்றார். தடியைப் போட்டுவிட்டுப் பல்லால் ஒரு மூட்டையைக் கிழித்தார். முதல் மூட்டை கிழிந்தது அப்படித்தான்.

"பச்ச அரிசியத் திங்காதீங்க! வயிறு வெடிச்சுடும்! கஞ்சி வையுங்க, கஞ்சி வையுங்க!" என்று இருசம்மா குவியலுக்குக் குவியல் ஓடினாள். கேட்டவர்கள் பிழைத்தார்கள். படகோட்டிகளின் பெண்டுகள் பானை கொண்டுவந்தார்கள்; கரைக்கு வந்த ஓடத்தின் பலகையை விறகாக்கினார்கள். எல்லப்பன் முதல் வாய்க் கஞ்சியை விழுங்கிவிட்டு அழுதான், பிறகு மகளை வாங்கி, வயிற்றைத் தடவி, நாக்கைப் பார்த்து, "எத்தினி நாளாப் போவுது இதுக்கு? ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கோபப்பட்டான். இருசம்மா அவன் முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டு அவன் தோளிலேயே சாய்ந்துகொண்டாள்.

சௌரியம்மா கடைசியில் வந்து சேர்ந்தாள். யாரோ கொடுத்த கஞ்சியை மடமடவென்று குடித்தாள், குடித்ததற்காகத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள், மறுபடி குடித்தாள். பிறகு எழுந்து வந்து இருசம்மாவுக்கு எதிரில் நின்றாள்.

"ஒடச்சது நீதானே?"

"ஆமாக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? நான் பாட்டுக்கு நடந்துகிட்டுத்தானே இருந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியாமத்தானே இருந்துச்சு."

இருசம்மா கேட்டேன் என்று சொல்லவில்லை. அவள் தன் கிழிந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் இரைந்தது. பானைகளைச் சுற்றி ஜனங்கள் கைநீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வெச்சே அத?" என்றாள் சௌரியம்மா.

"வாய்க்காலுக்கு அந்தாண்ட. உப்பு ஏறாத மண்ணாப் பாத்து. தல கெழக்கால."

"தனியாவா?"

"தனியாத்தான். நானே தோண்டினேன்."

சௌரியம்மா வடக்கே பார்த்தாள். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. இருசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பாப்பாவப் பாத்துக்க" என்று எல்லப்பனிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

"வாக்கா, காட்டறேன்" என்று முன்னால் நடந்தாள்.